பெர்மிட்டுக்கு வாசித்த ஓலை

எங்கள் சபையில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, என் பேரில் இரண்டு தடவை ஓலை வாசித்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் மாப்பிள்ளை என்று ஒருவர் கிடையாது. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஓலை என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் புரொட்டஸ்டண்டு கோவில்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முந்தின மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனைக்கு நடுவே போதகர் அதைச் சபைக்கு அறிவிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும் என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எழும்ப மாட்டார்கள். அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஓலை காகிதமாகிவிட்டது. பேர் மட்டும் ஓலைதான்.

நான் பள்ளிக்கூடம் முடித்ததும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிக்கப் போனேன். சுதந்திரம் வந்த சமயம் அது. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கும்போது என்னை யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள்தான் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “நீங்கள் மலையாளமோ?” என்று கேட்டார்கள். எங்கள் ஊர் மயிலாடிக்கு லீவில் வந்தால் இங்கே உள்ளவர்கள், “யாப்பாணத்துக்காரி வந்தாச்சு” என்றார்கள். இரண்டு கரையிலும் நான் அடுத்த கரை ஆள். அதைப் பற்றி அப்போது சிரிக்கத்தான் செய்தேன்.

படித்து முடித்தபோது சிரிப்பு நின்றது. அதற்குள் அங்கே புதுச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்கி வேலை பார்க்க வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். படிப்பதற்குக் கொடுத்த அனுமதி படிப்போடு சரி. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு, அதே கட்டில்கள், அதே நோயாளிகள். பரீட்சைக்கு முந்தின நாள் வரை அவர்களுக்கு நான் வேண்டியவள். பாஸானதும் அந்நியப் பெண். பாஸாகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பார்களோ என்னவோ.

ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, ஊருக்குப் போய் அங்கிருந்துதான் விண்ணப்பம் போட வேண்டும் என்றார். எனக்கென்று ஒரு வேலையை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். “வருஷக் கடைசி வரைதான். அதற்குமேல் வார்டைச் சும்மா விட்டுவைக்க என்னால் முடியாது.” பாஸ்போர்ட்டு, போலீஸ் விசாரணை, சொந்த ஊர்ச் சர்ட்டிபிக்கட்டு எல்லாம் வேண்டும். அவற்றோடு என்னைத் தெரிந்த மதிப்புள்ள ஒருவர் எழுதிய நற்சாட்சிப் பத்திரமும் வேண்டும். நடத்தை நல்லது, இவள் போவதற்கு யாருக்கும் தடை இல்லை என்று அதில் இருக்க வேண்டும். மூன்று வருஷம் அந்த ஊர் ஜனங்களின் சீழைத் துடைத்தவளுக்கு நற்சாட்சி வேண்டுமாம். கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடேயே பெட்டியைக் கட்டினேன்.

வீட்டில் நானும் அம்மையும்தான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மை கருப்பட்டி வியாபாரம். பனைத் தொழில் செய்யும் வீடுகளில் வாங்கி, வண்டியில் ஏற்றி, அஞ்சுகிராமத்தில் கொண்டு விற்பாள். திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரிகள் அவளிடம் பேரம் பேசுவதற்குப் பயப்படுவார்கள். அப்பா போன பிறகு எங்களுக்கு மேலே ஒரு கூரை மாதிரி தான் நிற்பதாகப் பெரியப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அவர் சபைக் கமிட்டிக் காரியதரிசி. அவர் சொல்வதையெல்லாம் அம்மை தலையாட்டிக் கேட்பாள், பிறகு தன் இஷ்டப்படி செய்வாள்.

முதலில் நிலவரி கட்டுகிற பகுதிக் கச்சேரிக்குப் போனேன். நான் இந்த ஊர்க்காரிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்கள். எங்கள் ஊர் இருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாகியிருந்த நேரம். சர்ட்டிபிக்கட்டை மலையாளத்தில் எழுதி, கொல்லம் வருஷம் போட்டுக் கொடுத்தார்கள். கொழும்பில் இருக்கிற அதிகாரி அந்த வருஷத்தைப் பார்த்தால் எண்ணூறு வருஷத்துக்கு முந்தின கிழவி விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று நினைப்பான். இங்கிலீஷில் எழுதி இங்கிலீஷ் வருஷம் போட்டுத் தாருங்கள் என்றேன்.

“இங்ஙன உள்ள வழக்கம் இதாக்கும்” என்றார் குமாஸ்தா.

“செரி, நீங்க எழுதுகது வரைக்கும் நான் இங்ஙன இரிக்கியேன். அதும் வழக்கம்னு வச்சுக்கிடுங்க” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் அவர் சாப்பிடப் போனார், வந்தார், நான் இருந்தேன். சாயங்காலம் இங்கிலீஷில் கிடைத்தது.

போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்ததால், நான் ஊர்வலம் எதிலாவது போனதுண்டா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அம்மை அவரிடம் கருப்பட்டிச் சிப்பம் ஒன்றைக் காட்டி, “அதைக் கொஞ்சம் தூக்கித் திண்டுமேல வையுங்க, பதில் சொல்லுகேன்” என்றாள். பாவம், தூக்கி வைத்தார். “இவ வந்த நாளுமுதல் இதுதான் இவளுக்கு ஊர்வலம்” என்றாள் அம்மை. நல்லபடி எழுதிக்கொண்டு போனார்.

கடைசியில் நின்றது நற்சாட்சி. அதற்குப் போதகரைவிட்டால் வேறு ஆள் இல்லை. அவர் எங்கள் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். எதையும் புஸ்தகத்தைப் பார்க்காமல் செய்ய மாட்டார். நான் கொடுத்த காகிதத்தில் ‘தடை இல்லை’ என்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

“நடத்தை நல்லதுன்னு எழுதலாம். தடை இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்மா?”

“எனக்கும் அம்மைக்கும் இல்ல ஐயா.”

“யாருக்கும்னு போட்டிருக்கே. தெரியாததை எழுதினா பொய்ச்சாட்சி ஆகாதா?”

அப்புறம் முகம் தெளிந்தது. ஒரு ஆளின் காரியத்தில் தடை உண்டா என்று சபையைக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகாத பெண் ஒருத்தி தனியாக வேலைக்குக் கடல் தாண்டிப் போவதற்கு எங்கள் சபையில் முறையென்று எதுவும் இல்லை. அதுவரை யாரும் போனதில்லை. எனவே கல்யாண முறையை எடுத்தார். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறேன், தடை வராவிட்டால் கையெழுத்து என்றார். எனக்கு அவசரம். யோசிக்காமல் சரியென்றேன்.

முதல் ஞாயிறு. பெண்கள் பக்கம் பாயில் நான் அம்மைக்கும் பெரியப்பா மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மகள் பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில் இருந்தாள். என்னோடு ஒட்டிக்கொண்டே திரிவாள். போதகர் காகிதத்தைப் பிரித்து என் அப்பா பேரைச் சொல்லி, இன்னாருடைய மகள் இலங்கையில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யப் போக நிச்சயித்திருப்பதாக வாசித்தார். பாதிப் பேர் காதில் ‘நிச்சயித்திருப்பதாக’ என்பது மட்டும்தான் விழுந்தது. கோவில் விட்டு வீட்டுக்கு வருவதற்குள் சொந்தக்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

“மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? இரணியலா?”

“யாப்பாணம்” என்றாள் அம்மை. “பெரிய குடும்பம். நூறு கட்டில் கெடக்கு.”

ஓலை வாசித்த பெண் வெளியே இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்று ஞாயிறும் கழிந்து கல்யாணம் ஆகும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். மறுநாள் காலையில் நான் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் இருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இரண்டாம் ஞாயிறு சத்தம் இல்லாமல் கழிந்தது. மூன்றாம் ஞாயிறு போதகர் வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சொல்லி நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துகிற அளவுதான் நிறுத்தினார். அந்தச் சின்ன இடைவெளியில் ஆண்கள் பக்கம் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. பெரியப்பா எழுந்து நின்றார்.

“தடை உண்டு.”

அந்தக் கோவிலில் ஓலைக்கு யாரும் எழுந்ததாக உயிரோடிருக்கிற எவருக்கும் ஞாபகமில்லை. போதகர் முகத்தில் இரத்தமே இல்லை. “என்ன தடை?” என்று மெல்லக் கேட்டார்.

“கல்யாணம் ஆவாத்த பொண்ணு கடலு தாண்டிப் போயி, கண்ட ஆம்பளையளத் தொட்டுத் தொடச்சு வேலை பாக்கது நம்ம சபைக்கு அழகில்ல. கேக்கதுக்கு ஆளில்லாத்த குடும்பம்னு நாலுபேரு சொல்லப்பிடாது. என் வீட்டிலயும் ஒருத்தி நிக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் வரண்டாமா?”

என் பக்கத்தில் இருந்த அந்த ஒருத்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வருஷக் கடைசி வரைதான் என்று டாக்டரம்மா சொன்னது மட்டும் என் மண்டைக்குள் ஓடியது. இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை, விண்ணப்பம் இல்லாவிட்டால் அந்த வார்டு இல்லை. நான் படித்த படிப்பு இவருடைய மகளுக்கு வரப்போகிற எவனோ ஒரு மாப்பிள்ளைக்காகப் பெட்டியில் கிடக்க வேண்டும். பெண்கள் ஆராதனையில் பாடலாம், வாய் திறந்து பேசக் கூடாது. நான் எழுந்தேன். அம்மை என்னைப் பிடித்து இழுக்கவில்லை. நான் வசதியாக நிற்பதற்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“ஏட்டி, இரிட்டி அங்க” என்றார் பெரியப்பா.

நான் அவரைப் பார்க்கவில்லை. “ஐயா, இப்பம் நீங்க வாசிச்சது ஓலைதானே?”

“ஆமாம்மா.”

“அப்பம் ஓலைக்கு உள்ள தடைதானே செல்லும்? என்னென்ன தடைன்னு புஸ்தகத்துல உண்டும்லா? அதை வாசியுங்க.”

புஸ்தகம் என்றதும் போதகருக்கு உயிர் வந்தது. வேகமாகப் பக்கத்தைத் தேடினார். முந்தின விவாகம் இருக்கக் கூடாது என்று வாசித்தார்.

“பெரியப்பா, எனக்கு வேற புருசன் உண்டுமா?”

வயது வந்திருக்க வேண்டும் என்றார் போதகர். என் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்ததே பெரியப்பாதான், வயதை அவரிடமே கேளுங்கள் என்றேன். நெருங்கிய இரத்த உறவாக இருக்கக் கூடாது என்று அடுத்து வந்தது.

“சொல்லுங்க பெரியப்பா. அந்த ஆஸ்பத்திரி எனக்கு அண்ணன் முறையா, சித்தப்பா முறையா?”

பெண்கள் பக்கம் முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு பாய் முழுவதும் சிரித்தது. பெரியப்பா மகள் பாட்டுப் புஸ்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கினதும் போதகர் கடைசித் தடையை வாசித்தார்: பலவந்தம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பலவந்தமா என்னை ஆரும் அனுப்பல்ல ஐயா. பலவந்தமா நிறுத்தத்தான் பாக்காவ” என்றேன்.

போதகர் புஸ்தகத்தை மூடாமலேயே, “சொல்லப்பட்ட தடை இதில் இல்லை. ஆகையால் தடை இல்லை” என்று சொல்லிப் பாட்டு எண்ணைக் கூறினார். பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அந்தப் பாட்டை நான் பாடினது போல் சத்தமாக அதற்கு முன்னும் பின்னும் பாடினதில்லை. அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிவிட்டேன். பெரியப்பா எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்.

விண்ணப்பம் போயிற்று. மழை வந்தது, நடவு முடிந்தது, தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனார். பிறகு ஒருநாள் கொழும்பிலிருந்து வந்தது. இரண்டே வரி. உங்கள் விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை, வருந்துகிறோம். ஏன் என்று ஒரு சொல்கூட இல்லை. நான் அழுதேன். அழுததை மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாகவே அழுதேன்.

செய்தி எப்படித்தான் போனதோ, அத்தனை நாள் வராத பெரியப்பா அன்றைக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றுகொண்டு, “பாத்தியா மக்கா, அங்கயும் தடை சொல்லியாச்சு” என்றார். குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மை கருப்பட்டிக்கு ஓலைப்பாய் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “ஆரு சொன்னா? எழும்பி நிண்ணா சொன்னான்? நீங்களாவது எழும்பி நிண்ணு, மொகத்தைக் காட்டி, காரணமும் சொன்னிய. அந்த மட்டுக்கும் நீங்க மரியாதைக்காரரு.”

பெரியப்பாவுக்கு அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று பிடிபடவில்லை. போய்விட்டார். எனக்குப் பிடிபட்டது. முகத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊரில் தடை சொல்கிறவர் எழுந்து நின்று, எல்லாருக்கும் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் செல்லாது என்றால் தடையும் செல்லாது. உங்கள் தடைக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். தயவுசெய்து என்று ஒரு இடத்திலும் போடவில்லை. போடாததைப் பார்த்துப் போதகர் பதறினார். அந்த வார்டை ஏற்றுக்கொள்ளப் பயிற்சி பெற்ற வேறு ஆள் இல்லையென்று டாக்டரம்மாவும் தனியாக எழுதியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் பெர்மிட் வந்தது. ஒரு வருஷத்துக்கு மட்டும். அசைத்தது டாக்டரம்மாவின் கடிதமா, என் கடிதமா, எனக்குத் தெரியாது. என்னுடையது என்றுதான் நான் சொல்லிக்கொள்வேன். பண்டிகைக்குக்கூட நிற்காமல் கப்பலேறினேன்.

ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். முடிகிற சமயத்தில் திரும்ப ஊருக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வந்தேன். பகுதிக் கச்சேரிக் குமாஸ்தா என்னைக் கண்டதுமே இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். போதகரிடம் போனேன். பழைய நற்சாட்சியையே தேதி மாற்றித் தரலாமே என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. “ஒழுங்கு ஒழுங்குதானம்மா. திரும்ப வாசிக்கணும். இந்த வருஷம் உன் ஓலையோட சேத்து இன்னொரு ஓலையும் இருக்கு” என்றார். யாருடையது என்று கேட்டேன், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்றார். ஏதோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு என் பேர் வந்ததும் ஆண்கள் பக்கத்தைப் பார்த்தேன். பெரியப்பா முன் பெஞ்சில் இருந்தார். போதகர் நிறுத்தினார். பெரியப்பா அசையவில்லை. போன வருஷச் சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்திருக்கும்.

போதகர் அடுத்த காகிதத்தைப் பிரித்தார். பெரியப்பாவின் பேரைச் சொல்லி, இன்னாருடைய மகள் நர்ஸ் படிப்புக்கு இலங்கை மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக நிச்சயித்திருப்பதாக வாசித்தார்.

பெரியப்பாவின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அவருக்கு அது முதல் செய்தி. எனக்கும்தான். தகப்பனிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே அவள் நேராகப் போதகரிடம் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தடை இருப்பவர் எழுந்து சொல்லட்டும், அதற்குத்தானே ஓலை என்று போதகரும் வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பயந்த மனுஷர், புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தை அன்றைக்கு முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்.

“தடை ஏதும் அறிந்தவர்கள்” என்று அவர் சொல்லும்போதே பெஞ்சு கிறீச்சிட்டது. பெரியப்பா பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் எங்கள் பக்கம் பார்த்தார். என் பக்கத்தில் அவர் மகள் அவருக்கு முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கேள்வி கேட்பதற்குத் தயாராக நின்றாள். பாட்டுப் புஸ்தகம் இந்தத் தடவை முகத்தில் இல்லை, இடுப்பில் இருந்தது.

பெரியப்பா வாயைத் திறந்தார். பிறகு, எழுந்ததே அதற்குத்தான் என்பது போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

போதகர் தேவைக்கு மேலேயே நிறுத்திப் பார்த்தார். அப்புறம் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். அவள் இன்னும் உட்காரவில்லை. நான் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.